9 நட்டும் 40 இறாத்தலும்

மொரிஸ் மைனர் 1000 காரின் என்ஜினில் ஹெட்டைப் பிடித்து வைத்திருப்பது 9 நட்டுகள். 5 வெளியே தெரியும். மற்ற 4, ரொக்கர் மூடியைக் கழற்றினால்தான் தெரியும். கையேட்டின் பின்பக்கத்தில் அளவுகள் எல்லாம் வரிசையாகப் போட்டிருக்கும். அங்கே இந்த 9 நட்டுக்கும் ஒரேயொரு எண்தான் இருக்கிறது: 40 அடி இறாத்தல். அந்த ஒரு வரியைச் சரியாகச் செய்து முடிக்க எங்களுக்கு இரண்டரை மாதம் எடுத்தது.

நாங்கள் என்றால் அக்காவும் தங்கையும். ஒருத்தி கலைப்பீடம் மூன்றாம் வருடம். மற்றவள் உயர்தரம் எழுதிவிட்டு றிசல்ட்டுக்காக வீட்டில் நிற்கிறவள். இரண்டு பேருமே கலைப்பிரிவு. கணிதத்தைச் சாதாரண தரத்தோடு கைகழுவினவர்கள். ஆனபடியால் இதை எழுதுவது யார் என்று கேட்டால் இரண்டு பேரும்தான். ஸ்பனர் பிடித்ததும் இரண்டு பேரும்தான்.

என்ஜினைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். (இந்த வருடம் பாதி வரைக்கும் நாங்களும் அந்தக் கட்சிதான்.) கீழே இருப்பது புளொக். அதற்குள்தான் 4 சிலிண்டர்கள், பிஸ்டன்கள் எல்லாம். மேலே மூடி மாதிரி உட்கார்ந்திருப்பது ஹெட். அதற்குள் வால்வுகள். இரண்டுக்கும் நடுவில் கஸ்கட் என்று ஒரு மெல்லிய தகடு. அந்த இடத்தால் மூன்று பொருட்கள் போகின்றன: சிலிண்டருக்குள் நெருப்பு, அதைச் சுற்றி ஓடுகிற தண்ணீர், மேலே ரொக்கருக்கு ஏறுகிற ஒயில். மூன்றும் ஒன்றையொன்று சந்திக்கக் கூடாது. சந்திக்காமல் வைத்திருப்பது கஸ்கட் என்று சொல்லுவார்கள். அது பாதிதான் உண்மை. கஸ்கட்டை எல்லா இடமும் ஒரே அளவாக அமத்திப் பிடிக்கிற அந்த 9 நட்டும்தான் மிச்சப் பாதி.

எங்கள் கார் 1959 ஆம் ஆண்டுக் கார், 948 சிசி. அப்பப்பா வாங்கியது. வடமராட்சியில் ஹயர் ஓடின கார். கலியாணம், செத்தவீடு, கோயில், எல்லாவற்றையும் விட அதிகமாக ஆஸ்பத்திரி. அப்பப்பாவுக்குப் பிறகு அப்பா ஓட்டினார். பிறகு தண்ணீர் ஒயிலுக்குள் வரத் தொடங்கியது. ஒயில் பார்க்கிற கம்பியை இழுத்தால் பால் தேத்தண்ணி நிறம். பட்டினத்தில் ஒரு கராச்சில் கொடுத்து ஹெட்டைக் கடைசல் போட்டு, புதுக் கஸ்கட் வைத்துப் பூட்டினார்கள். ஒரு மாதம் தாங்கியது. திரும்பக் கொடுத்தோம். திரும்பவும் ஹெட்டைக் கொஞ்சம் கடைந்து, திரும்பவும் புதுக் கஸ்கட். இந்த முறை மூன்று கிழமை. அதோடு அப்பா காரை மாமரத்துக்குக் கீழே விட்டு, மேலே தறப்பாள் போட்டு மூடிவிட்டார்.

2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். பழைய காருக்கெல்லாம் ஒரு விலை வந்தது. கொழும்பில் இருந்து மைனர் தேடி ஆட்கள் வரத் தொடங்கினார்கள். 2025 இல் தடையை எடுத்த பிறகும் வருகிறார்கள், இது வேறு ஒரு பைத்தியம். ஒருவர் வந்து தறப்பாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, என்ஜின் ஓடினால் ஒரு விலை, ஓடாவிட்டால் அதில் பாதி என்றார். தங்கைக்குக் கம்பஸ் கிடைத்தால் இரண்டு பேரின் செலவு. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அன்று பின்னேரம் நாங்கள்தான் கராச் மாமாவிடம் போனோம்.

கராச் மாமா எங்களுக்கு இரத்த உறவு இல்லை. அப்பப்பாவின் காலத்தில் இருந்து இந்தக் காருக்கு வேலை செய்தவர். இப்போது கை நடுங்கும். தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடிப்பார். கராச்சை மூடி எட்டு வருடம். "நான் வந்து கதிரையில இருக்கிறன். பிடிக்கிறது நீங்கள்" என்றார். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

முதல் பாடம் இறுக்குவது இல்லை, கழற்றுவது. ரொக்கர் தண்டு 4 கால்களில் நிற்கிறது. ஒவ்வொரு காலுக்கும் ஒரு சின்ன நட், ஒரு பெரிய நட். அந்தப் பெரிய நட் 4 உம் ஹெட்டையும் சேர்த்துப் பிடிக்கிறவை. ரொக்கரை மட்டும் கழற்றுவோம் என்று அந்த நாலையும் இளக்கினால், வெளியே இருக்கும் 5 நட்டும் முழு இறுக்கத்தில் நிற்கும். ஹெட் ஒரு பக்கம் பிடிபட்டு ஒரு பக்கம் விடுபட்டுக் கோணும். தண்ணீர் சிலிண்டருக்குள்ளே இறங்கும். ஆகவே ரொக்கரில் கை வைக்கிறது என்றாலும் முதலில் தண்ணீரை வடித்து, 9 நட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக, எல்லாவற்றையும் ஒரே அளவில் இளக்க வேண்டும். கையேட்டிலும் இந்த எச்சரிக்கை இருக்கிறது. மாமா ஆங்கிலம் வாசிக்கமாட்டார். நாங்கள் வாசித்துச் சொன்னபோது, "ஓ, அதிலயும் போட்டிருக்கோ?" என்று கேட்டார். புத்தகம் தன்னிடம் இருந்து படித்த மாதிரி ஒரு தொனி.

நட்டின் தலை 9/16 அங்குலம். மில்லிமீற்றரில் 14.3. 14 ஆம் நம்பர் ஸ்பனர் போகாது, 15 ஆம் நம்பர் ஆடும். எங்கள் காரில் 3 நட்டின் மூலைகள் உருண்டுபோய் இருந்தன. யாரோ 15 ஐப் போட்டு இழுத்திருக்கிறார்கள். யார் என்று தேடுவதில் பிரயோசனம் இல்லை. ஆனால் அங்குல ஸ்பனர் ஒரு செட் தேடி எடுக்காமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

பழைய கஸ்கட்டைப் பற்றியும் ஒரு சொல். செப்புத் தகட்டுக்கு நடுவில் இருக்கும் சாம்பல் நிறச் சாமான் அந்தக் காலத்தில் அஸ்பெஸ்டஸ். அதைக் காய்ந்தபடி சுரண்டக் கூடாது. நனைத்து, முகமூடி போட்டு, சுரண்டினதைப் பையில் கட்டி எறிந்தோம். கொரோனாவில் மிஞ்சின முகமூடி ஒரு பெட்டி வீட்டில் இருந்தது.

ஹெட்டைத் தூக்கின பிறகு மாமா சொன்னது எங்களுக்கு முதலில் விளங்கேல்லை. "ஹெட்டை விடுங்கோ. அதை ரெண்டு தரம் கடைஞ்சாச்சு, அது நேராத்தான் இருக்கும். புளொக்கைப் பாருங்கோ." இரும்பு அடிமட்டத்தின் விளிம்பைப் புளொக்கின் மேல் நிறுத்தி, பின்பக்கம் போனின் டோர்ச்சைப் பிடித்தோம். அடிமட்டத்துக்குக் கீழால் வெளிச்சம் வரக் கூடாது. வந்தது. நடுவில் இருக்கிற இரண்டு ஸ்டட்டுக்குப் பக்கத்தில் அடிமட்டம் மேலே எழும்பி நின்றது. விரலால் தடவினால் தெரிந்தது: ஸ்டட் இறங்குகிற ஓட்டையைச் சுற்றி இரும்பு ஒரு வளையமாகத் தடித்திருந்தது. நுளம்பு கடித்த தடிப்பு எப்படி இருக்கும், அப்படி.

இது எப்படி வருகிறது என்பதுதான் இந்த வேலையிலேயே எங்களுக்கு மிகப் பிடித்த விசயம். ஸ்டட் என்பது புளொக்குக்குள் புரியில் இறங்கி நிற்கும் தண்டு. மேலே நட்டை இறுக்கும்போது ஸ்டட் மேல்நோக்கி இழுபடுகிறது. அளவாக இறுக்கினால் ஸ்டட் ஒரு மயிரளவு நீளும். நீண்டது திரும்பச் சுருங்கப் பார்க்கும். அந்தச் சுருங்கப் பார்க்கிற விசைதான் ஹெட்டை அமத்திப் பிடிக்கிறது. அதாவது ஸ்டட் ஒரு வில். கூடுதலாக இறுக்கினால் ஸ்டட் மட்டும் நீளாது; அது பிடித்திருக்கும் புளொக்கின் புரியையும் சேர்த்து மேலே இழுக்கும். ஓட்டையின் வாய் எழும்பும். வாய் எழும்பினால் கஸ்கட் அந்த வளையத்தில் மட்டும் நசிபடும், பக்கத்தில் இடைவெளி விழும், அந்த இடைவெளியால் தண்ணீர் கசியும். கசிந்தால் மனிதர் என்ன செய்வார்? இன்னும் இறுக்குவார். இன்னும் எழும்பும்.

பட்டினத்தில் இரண்டு தரம் ஹெட்டைக் கடைந்து இரண்டு தரமும் தோற்றதற்குக் காரணம் அதுதான். கோணல் மேலே இல்லை, கீழே. புளொக்கை யாரும் பார்க்கவில்லை.

யார் இப்படி இறுக்கியது என்று நாங்கள் கேட்டனாங்கள். மாமா பதில் சொல்லவில்லை. ஸ்டட்டுகளைக் கழற்றச் சொன்னார்.

ஸ்டட்டுக்குத் தலை கிடையாது, எதைப் பிடித்துத் திருகுவது? இரண்டு நட்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, ஒன்றை மற்றதோடு எதிராக இறுக்கினால் இரண்டும் பூட்டிக்கொள்ளும். பிறகு கீழ் நட்டைத் திருப்பினால் ஸ்டட் முழுவதும் திரும்பும். இது தெரிந்த அன்று நாங்கள் இரண்டு பேரும் அடைந்த சந்தோசத்தை எந்த அசைன்மென்டும் தந்ததில்லை. கழற்றின ஸ்டட்டுகளில் புது நட்டை விரலால் உருட்டிப் பார்த்தோம். நல்ல ஸ்டட்டில் கடைசிவரைக்கும் ஓடும். நீண்டுபோன ஸ்டட்டில் பாதியில் இறுகும், ஏனென்றால் புரிக்கும் புரிக்கும் இடையில் உள்ள தூரம் மாறிவிட்டது. 9 இல் 4 இறுகியது. பஞ்சிகாவத்தையில் வேலை செய்கிற ஒரு சொந்தக்காரரிடம் சொல்லி 9 ஐயும் புதிதாக எடுத்தோம்.

தடித்த ஓட்டைகளின் வாயைச் சிறிதாகச் சரித்து வெட்டி, மேற்பரப்பை எண்ணெய்க் கல்லால் தேய்த்தோம். தேய்ப்பது, அடிமட்டம் வைப்பது, வெளிச்சம் பார்ப்பது. ஒரு கிழமை இதே வேலை. அந்தக் கிழமையில் றோட்டால் போன ஒவ்வொருவரும் படலையில் நின்று பார்த்தார்கள். "வீட்டில ஆம்பிளைப் பிள்ளையள் இல்லையோ?" என்று ஒருவர் கேட்டார். இல்லை என்பது அவருக்கும் தெரியும். மாமாதான் கதிரையில் இருந்தபடி, "இருந்திருந்தா இன்னும் கொஞ்சம் இறுக்கியிருப்பாங்கள்" என்றார்.

இனி அந்த 40. ஓர் அடி நீளமான கம்பியின் நுனியில் 40 இறாத்தல் பாரம் தொங்கினால் நட்டில் விழும் திருப்பம் 40 அடி இறாத்தல். சாதாரண தரத்தில் படித்த அதே திருப்பம். டோர்க் ரெஞ்ச் என்பது அந்த அளவு வந்ததும் "டிக்" என்று சொல்கிற ஸ்பனர், அவ்வளவுதான். மோட்டார் சைக்கிள் சேர்விஸ் ஸ்டேசனில் வேலை செய்கிற மச்சான் ஒன்றை இரவல் தந்தார். அதில் அடி இறாத்தல் இல்லை, நியூட்டன் மீற்றர். 40 அடி இறாத்தல் என்றால் 54 நியூட்டன் மீற்றர். எண்ணை மட்டும் பார்த்து 40 இல் வைத்து இறுக்கினால் வேண்டியதில் முக்கால் பங்குகூட வராது. பழைய கையேடும் புது ஆயுதமும் வைத்து வேலை செய்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அலகை.

இரவல் ரெஞ்ச் சரியாகச் சொல்கிறதா என்று எப்படித் தெரியும்? மாமா மீன் தராசு கேட்டார். மீன் விற்கிற அண்ணையிடம் ஒரு கொக்கித் தராசு இருந்தது, உள்ளே வில் வைத்தது. கிரைண்டர் மேசையில் இருக்கும் கிடுக்கியில் ஒரு போல்ட்டைப் பிடித்து, ரெஞ்சை 54 இல் வைத்து, கைபிடியின் நடுவில் தராசின் கொக்கியை மாட்டி, தராசைப் பிடித்து நேர்கோணத்தில் இழுத்தோம். போல்ட்டின் நடுவில் இருந்து கொக்கி வரைக்கும் 16 அங்குலம். 40 ஐ 16 இன் கீழ் 12 ஆல் பிரித்தால் 30 இறாத்தல். கிலோவில் 13.6. தராசு 13½ ஐத் தொட்டபோது "டிக்" என்றது. மூன்று தரம் செய்தோம், மூன்று தரமும் கிட்டத்தட்ட அதே இடம். தோட்டத்துக் கிணற்றில் நிரம்பின வாளியைத் தூக்குவதை விடக் கொஞ்சம் கூட. இதற்குத்தான் ஆம்பிளைப் பிள்ளை தேவையாம்.

அப்போது மாமா எழும்பி வந்தார். "என்ர கையையும் ஒருக்கால் பாப்பம்" என்றார். கிடுக்கியில் இருந்த போல்ட்டுக்குப் பழைய ஸ்பனரைப் போட்டு, 12 அங்குலத்தில் கொக்கியை மாட்டினோம். தான் ஹெட்டுக்கு இறுக்குகிற இறுக்கு வரும்வரைக்கும் தராசைப் பிடித்து இழுக்க வேண்டும், முள்ளைப் பார்க்கக் கூடாது. கை நடுங்கிக்கொண்டுதான் இழுத்தார். இழுக்கத் தொடங்கியதும் நடுக்கம் நின்றது. "காணும்" என்றார். முள் 25 கிலோவில் நின்றது. 55 இறாத்தல்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அப்ப அந்தத் தடிப்பு என்ர வேலைதான்" என்றார்.

அதற்குப் பிறகு சொன்னதை இங்கே சுருக்கமாக எழுதுகிறோம். 1990 இல் சண்டை திரும்பத் தொடங்கி, பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் தடைப் பட்டியலில் இருந்தது. யாழ்ப்பாணத்தில் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் கொஞ்சப் பெற்றோல் வைத்து, அதைக் காபரேட்டருக்குள் பீச்சி ஸ்டார்ட் பண்ணி, என்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல அடக்கமாக எரியாது, சிலிண்டருக்குள் தட்டும். அந்தத் தட்டுகள் முதலில் போய் விழுவது கஸ்கட்டில். எரியாத மிச்சம் ஒயிலுக்குள் இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும். கரி பிடிக்கும். ஆகவே அடிக்கடி ஹெட்டைக் கழற்றிக் கரி சுரண்ட வேண்டும். கழற்றினால் புதுக் கஸ்கட் வேண்டும். கஸ்கட் எங்கே? ஏற்கெனவே நசிந்த கஸ்கட்டையே துடைத்துத் திரும்ப வைத்தார்கள். நசிந்த கஸ்கட் நல்ல இறுக்கத்தில் பிடிக்காது. ஸ்பனருக்கு மேல் பைப் துண்டைச் சொருகி இழுத்தால்தான் பிடிக்கும். "அண்டைக்கு அப்பிடி இறுக்காட்டி உங்கட அப்பப்பா மந்திகை ஆஸ்பத்திரிக்கு ஒரு ஆளையும் கொண்டு போயிருக்கமாட்டார்" என்றார் மாமா. அதில் மன்னிப்புக் கேட்கிற தொனியும் இல்லை, பெருமையும் இல்லை. தடை முடிந்து கஸ்கட் கடையில் கிடைக்கத் தொடங்கிய பிறகும் கைக்கு அந்த இறுக்குத்தான் பழகிப்போனது.

நாங்கள் கம்பஸில் இந்தக் காலத்தைப் பற்றி வாசிக்கிறோம். பெயர்ப்பட்டியல்கள், திகதிகள், சாட்சியங்கள். ஓர் இரும்புப் புளொக்கில் அந்த வருடங்கள் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த தடிப்பாக எழும்பி நிற்கும் என்று எந்த விரிவுரையிலும் கேட்டதில்லை. இதை ஓர் உவமையாக்க எங்களுக்குக் கை துடிக்கிறது, கலைப்பீடத்தின் வருத்தம் அது. ஆக்கப்போவதில்லை. அது தடிப்பு. அதைத் தேய்த்து எடுத்தாயிற்று.

ரெஞ்ச் சொல்லுகிற எண்ணையும் முழுதாக நம்பக் கூடாது என்பதை அடுத்த சனிக்கிழமை படித்தோம். நாங்கள் இழுக்கிற இழுவையில் கிட்டத்தட்டப் பாதி நட்டின் அடிப்பக்க உரசலில் போகும். இன்னும் 40 வீதம் அளவில் புரியின் உரசலில் போகும். ஸ்டட்டை உண்மையில் நீட்டுவது மிஞ்சுகிற பத்தில் ஒரு பங்குதான். ரெஞ்சுக்கு இதெல்லாம் தெரியாது. புரியில் கறளோ மண்ணோ இருந்தால் உரசல் கூடும். ஸ்டட் நீளாமலே "டிக்" சொல்லிவிடும். நீங்கள் 40 என்று நினைப்பீர்கள், ஹெட் இளக்கமாக நிற்கும். அதனால்தான் ஒவ்வொரு புரியையும் தூரிகை போட்டுத் துடைத்து, இரண்டு துளி என்ஜின் ஒயில் விட்டு, நட்டுக்குக் கீழே வருகிற வோஷருக்கும் ஒயில் பூச வேண்டும். ஸ்டட் இறங்குகிற ஓட்டைக்குள் மட்டும் ஒயிலோ தண்ணீரோ தேங்கக் கூடாது. தேங்கினால் ஸ்டட் இறங்கும்போது அதற்குப் போக இடம் இல்லாமல் புளொக்கையே வெடிக்க வைக்கும். ஸ்டட்டைப் புளொக்கில் கையால் இறக்கினால் போதும், முறுக்கிப் பூட்டத் தேவையில்லை.

கஸ்கட்டில் எது மேல்பக்கம், எது முன்பக்கம் என்று அச்சடித்திருக்கும். வைத்தோம். ஹெட்டை இரண்டு பேரும் தூக்கி நேராக இறக்கினோம். புஷ்ரொட் 8 ஐயும் எடுத்த வரிசையிலேயே போட்டு, ரொக்கரை வைத்து, 9 நட்டையும் விரலால் உருட்டினோம்.

இறுக்குகிற வரிசை நடுவில் தொடங்கும். நடு நட், பிறகு அதற்கு எதிர்ப்பக்கம், பிறகு இரு பக்கமும் மாறி மாறி வெளியே. கொப்பிக்கு ஒட்டுகிற உறை போடும்போது நடுவில் இருந்து வெளிப்பக்கமாகத் தடவினால்தான் காற்று வெளியேறும், ஓரங்களை முதலில் ஒட்டினால் நடுவில் பொங்கி நிற்கும். அதே சங்கதி. ஒரேயடியாக 54 க்குப் போகக் கூடாது. நாங்கள் மூன்று சுற்றாகப் போனோம்: 27, 41, 54. ஒருத்தி இழுக்க, மற்றவள் சோக்கால் இலக்கம் போட்டுக்கொண்டு வந்தாள். நடுவில் நிறுத்தாமல், குலுக்காமல், ஒரே சீரான இழுவை. நின்ற நட்டைத் திரும்ப அசைக்க ஓடுகிற நட்டை விடக் கூட விசை வேண்டும். நிறுத்தி இழுத்தால் நட் அசைய முதலே ரெஞ்ச் டிக் சொல்லும். டிக் சொன்ன பிறகு "இன்னும் ஒருக்கால்" என்று இழுக்கிறதும் கூடாது.

இரண்டாவது சுற்றில் 6 ஆவது நட். டிக் சொன்னது. சோக் போடப் போனபோது மாமா, "அதைக் கழட்டு பிள்ளை" என்றார்.

"டிக் எண்டிட்டுது மாமா."

"எண்டது. ஆனா கத்தினது. கேட்கேல்லையோ?"

எங்களுக்குக் கேட்கவில்லை. கழற்றினோம். நட்டின் உள்புரியில் ஒரு இரும்புத் தூள், பல் குத்துகிற குச்சியின் நுனி அளவுகூட இல்லை, ஒயிலோடு அரைபட்டு ஒட்டியிருந்தது. துடைத்து, ஒயில் விட்டுத் திரும்பப் போட்டோம். இந்த முறை அதே 41 க்கு நட் கிட்டத்தட்ட எட்டில் ஒரு சுற்று மேலதிகமாகப் போனது. அதாவது முதல் தரம் அந்த அளவு இழுவை முழுவதும் தூளோடு உரசியே போயிருக்கிறது. மாமா கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தார். நாங்கள் நித்திரை என்று நினைத்தோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு நட்டையும் இழுக்கும்போது நாங்களும் காதைக் கிட்ட வைத்துக் கேட்டோம். கடைசிச் சுற்றில்தான் வித்தியாசம் பிடிபடத் தொடங்கியது. நல்ல புரி சத்தமே போடாது.

ஸ்டார்ட் பண்ணினது அப்பா. கால் மணித்தியாலம் ஓடவிட்டு நிறுத்தினோம். இங்கேதான் பலர் வேலையை முடித்துவிடுகிறார்கள். முடியவில்லை. சூடாகி ஆறும்போது புதுக் கஸ்கட் இன்னும் கொஞ்சம் அமரும், நட்டின் பிடி குறையும். இரவு முழுக்க ஆறவிட்டு, காலையில் அதே வரிசையில் ஒவ்வொரு நட்டாக, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், கொஞ்சம் இளக்கித் திரும்ப 54 க்குக் கொண்டு வந்தோம். இளக்காமல் மேலே இழுத்துப் பார்த்தால் ஒட்டிப்போன உரசல் பொய் சொல்லும். நடு நட்டுகள் மூன்றும் முன்னைய சோக் கோட்டைத் தாண்டிப் போயின.

ஹெட் அமர்ந்தால் வால்வின் இடைவெளியும் மாறும், அதையும் திரும்ப வைக்க வேண்டும். 0.012 அங்குலம். இதற்கு ஒரு அழகான கணக்கு இருக்கிறது: 8 வால்வு, கூட்டுத்தொகை 9. 8 ஆவது முழுதாகத் திறந்து நிற்கும்போது 1 ஆவதைச் சரிபார், 6 திறந்தால் 3, 4 திறந்தால் 5. கணிதத்தைக் கைகழுவின எங்களுக்கே பாடமாகிவிட்டது.

இப்போது ஐந்து கிழமை. ஒயில் கம்பியைத் தினமும் இழுத்துப் பார்க்கிறோம். பழுப்பு நிறம், பால் இல்லை. ரேடியேட்டர் தண்ணீர் இறங்கவில்லை. 500 மைல் ஓடின பிறகு இன்னும் ஒருதரம் நட்டுகளைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் மாமா. 340 ஓடியிருக்கிறது. கொழும்புக்காரர் இரண்டு தரம் போன் எடுத்தார். 500 முடியட்டும், அதற்கு முதல் விற்கிறது சரியில்லை என்று அப்பா சொல்லியிருக்கிறார். வாங்குகிறவருக்கு நல்லது என்று சொன்னாரா, தனக்குச் சொன்னாரா என்று தெரியவில்லை. இப்போதெல்லாம் பின்னேரங்களில் நெல்லியடிக்குப் போய் மரக்கறி வாங்கவும் காரைத்தான் எடுக்கிறார்.

மாமா நேற்று ஆள் அனுப்பியிருந்தார். கரவெட்டியில் ஒரு ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், அதற்கும் ஒயிலில் தண்ணீராம், இரண்டு தரம் ஹெட் கடைந்தாயிற்றாம். ஞாயிற்றுக்கிழமை வரட்டாம். வரேக்கை அடிமட்டத்தையும் மீன் தராசையும் கொண்டுவரட்டாம்.